பழைய அம்பாசிடரில் இசுஸு இன்ஜின்: மவுண்ட் பொருத்துவதற்கான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களில் இன்னும் பல வீடுகளில் பழைய அம்பாசிடர் கொட்டகைக்குள் நிற்கிறது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் தேய்ந்துபோனதும், அதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1992 முதல் அதே உடலில் பொருத்தி விற்ற 1817 சிசி இசுஸு இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் இதற்காகப் பட்டறைக்கும் அலுவலகத்துக்குமாக நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். காகிதம் முதலில், இன்ஜின் நிற்கும் இடம் அடுத்து, இன்ஜினை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் ரப்பரும் பிரேக்கெட்டுமான மவுண்ட் கடைசியில். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. கையில் கிடைத்த ரப்பருக்கு ஏற்ப பிரேக்கெட் வெட்டுகிறார்கள். அந்தப் பிரேக்கெட் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் இன்ஜின் நிற்கிறது. பிறகு ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரை அதிர்கிறது. கடைசியில் பதிவுச் சான்றில் ஓர் எண், இன்ஜினில் வேறோர் எண் என்று வண்டி வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

1. ஸ்பேனர் எடுக்கும் முன் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் அடிப்படை. இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவுச் சான்றோடும் கட்டணத்தோடும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆகவே இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போங்கள். எந்த வண்டி, எந்த இன்ஜின், எத்தனை சிசி, எரிபொருள் மாறவில்லை என்பதை ஒரு மனுவில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். “கொண்டு வாருங்கள், பார்க்கலாம்” என்ற வாய்வார்த்தையை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அன்றைக்குப் பேசிய அலுவலர் நீங்கள் வண்டியோடு போகும் நாளில் அந்த நாற்காலியில் இருப்பார் என்று உறுதியில்லை. இசுஸு இன்ஜின் இதே மாடல் உடலில் நிறுவனமே பொருத்தியது என்பதற்கு ஆதாரமாக, அப்படி வெளிவந்த வண்டி ஒன்றின் பதிவுச் சான்று நகலை மனுவோடு இணையுங்கள். பேச்சு பாதியாகக் குறையும்.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் பதிவுச் சான்று, நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று, இன்ஜின் வாங்கியதற்கான ரசீது, இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் பதிவுச் சான்று நகல், அந்த வண்டியின் உரிமையாளர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், அதன் பதிவு ரத்தாகியிருந்தால் அந்த உத்தரவு. திருட்டு வண்டி இல்லை என்பதை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தேடல் வசதியில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் “எண் தெளிவாகத்தான் இருக்கிறது” என்று காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எண்ணை மட்டுமல்ல, எண்ணைச் சுற்றியுள்ள இரும்பையும்தான். அந்த இடம் மட்டும் கிரைண்டர் பட்டதுபோல் வழவழப்பாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில:

வண்டிக்கு 50 வயது ஆகியிருந்தால் யோசித்துச் செய்யுங்கள். 2021-ல் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட வண்டியை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் உடலும் சேஸிஸும் இன்ஜினும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். அப்படியொரு வண்டி உங்களிடம் இருந்தால், பழைய இன்ஜினையே போரிங் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து) ஓட்டுவதுதான் என் கருத்தில் நியாயம்.

காரைக்கால் பதிவு வண்டிகள் நம் பக்கம் ஏராளம். பிஒய் 02 என்ற எண்ணோடு வண்டியைத் தமிழ்நாட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, வரியைக் கட்டி, பதிவை இங்கே மாற்றிக்கொண்ட பிறகே இன்ஜின் பேச்சை எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் இரண்டு அலுவலகங்களும் மாறி மாறி உங்களைத் திருப்பி அனுப்பும்.

பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் வைக்காதீர்கள். ஒரு காலத்தில் டெல்டாவில் வாடகை வண்டிக்காரர்கள் பலர் செய்த வேலை அது. இன்று எரிபொருள் வகை மாறினால் அனுமதி பல மடங்கு கடினம்.

பதிவுச் சான்று காலாவதியாகும் நிலையில் இருந்தால் புதுப்பித்தலை முதலில் முடியுங்கள். 20 ஆண்டு கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அதையும் கணக்கில் வையுங்கள்.

2. பட்டறை ஓய்வாக இருக்கும் மாதம்

இதை யாரும் சொல்வதில்லை. டெல்டாவில் நல்ல வெல்டர் கிடைப்பது சாகுபடியைப் பொறுத்தது. தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரமும் டிரெய்லரும் பட்டறை வாசலில் வரிசைகட்டும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் டிராக்டர் கேஜ் வீல், ரோட்டவேட்டர் வேலை குவியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிரித்துப்போட்ட வண்டியைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தால், புதிதாக வெல்டிங் செய்த இடம் பெயின்ட் காண்பதற்குள் துருப்பிடித்துவிடும். பங்குனி, சித்திரைதான் சரியான காலம். அப்போதுதான் மேஸ்திரிக்கும் உங்கள் வண்டிக்கு அடியில் நிதானமாகப் படுத்துப் பார்க்க நேரம் இருக்கும்.

3. துருவைச் சோதியுங்கள்

அம்பாசிடருக்கு லாரிபோல் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலோடு ஒன்றான இரண்டு பெட்டிச் சட்டங்கள் முன்பக்கம் நீண்டிருக்கின்றன. பட்டறைகளில் அவற்றைத்தான் சேஸிஸ் என்கிறார்கள். இன்ஜின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இருந்த வண்டியாகவோ வெள்ளத்தில் நின்ற வண்டியாகவோ இருந்தால், வெளியே பெயின்ட் மின்னும்; உள்ளே தகடு செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். சிறு சுத்தியலால் ஒரு விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மொத்தென்று அமுங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவர் நுனியை அழுத்துங்கள். நுனி உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டி மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். துருத் தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டிவிட்டு மவுண்ட் வைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

4. இன்ஜினோடு சேர்த்து வாங்க வேண்டியவை

இன்ஜினை மட்டும் பேரம் பேசிவிட்டு வந்தால் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக அலைய வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும், உள்ளூர் இரும்புக் கடையில் நிற்கும் முழு வண்டியிலிருந்து எடுத்தாலும், இவை ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும்: இன்ஜின், கிளட்ச் உறை, கியர் பெட்டி, கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர், இரண்டு பக்க மவுண்ட் பிரேக்கெட், கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், வயரிங்.

இசுஸு இன்ஜினோடு வந்த அம்பாசிடரே கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அந்த வண்டியை வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அளவெடுங்கள். முன் சஸ்பென்ஷன் போல்ட் போல இரண்டு வண்டிகளிலும் மாறாத ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து இடப்பக்க மவுண்ட் துளைக்கும் வலப்பக்க மவுண்ட் துளைக்கும் தூரம், குறுக்கு மூலைவிட்டம் இரண்டு, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து துளையின் உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் படம் போட்டுக் குறியுங்கள். அந்தத் தாள் உங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். அளவெடுக்காமல் இன்ஜினைத் தூக்கிவிட்டால் நிறுவனம் வைத்த இடம் எது என்று பிறகு ஊகிக்கத்தான் முடியும்.

இன்ஜின் வீடு வந்ததும் எண்ணின்மேல் வெள்ளைத்தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து பிரிண்ட் எடுத்துவிடுங்கள். கழுவி மண்ணெண்ணெய் துடைத்த பிறகு எடுத்தால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் தெளிவாக விழும். மூன்று நான்கு பிரதி எடுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு அந்த இடத்துக்குக் கை நுழையாமல் போகலாம்.

5. இன்ஜினை அதன் இடத்தில் நிறுத்துதல்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி வைத்து எடுக்கும் கோணம் சாலையில் இருக்காது. பின்பக்க ஸ்பிரிங் பிளேட்டுகள் தொய்ந்திருந்தால் அவற்றைச் சரிசெய்த பிறகே அளவெடுங்கள். ஸ்பிரிங் தொய்ந்தால் பின் ஆக்சிலின் கோணமும் மாறும். டயர் காற்றைச் சமமாக்கி, கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் ரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபாருங்கள்.

முதலில் பின் ஆக்சிலின் முகத்தை அளக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த ஆக்சிலின் தட்டையான முகத்தில் (ஃபிளேஞ்ச்) கோணமானியை வையுங்கள். கைபேசியில் உள்ளதே போதும். கியர் பெட்டியின் பின்முகமும் இந்த ஃபிளேஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஆக்சிலின் மூக்கு மூன்று டிகிரி மேல்நோக்கியிருந்தால், இன்ஜினும் கியர் பெட்டியும் அதே மூன்று டிகிரி பின்பக்கம் தாழ வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஷாஃப்டின் முனைகளில் வளைந்து சுழலும் ஒவ்வொரு யூனிவர்சல் ஜாயிண்டும் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் வேலைசெய்வது நல்லது. சாலையில் தரை அதிர்கிறது, பேரிங் போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோணத்தைத்தான்.

கியர் பெட்டியோடு சேர்த்து இன்ஜின் ஒன்றரைக் குவிண்டாலைத் தாண்டும். செயின் பிளாக்கை இரும்பு முக்காலியில் மாட்டுங்கள், மரக்கிளையில் வேண்டாம். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் யாரும் கைநீட்டக் கூடாது. மேனிஃபோல்ட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆயில் ஃபில்டர், ஃபேன் எல்லாவற்றையும் மாட்டிய நிலையிலேயே இறக்கிப் பாருங்கள். வெறும் பிளாக்கை வைத்து இடம் பார்த்தால், பிறகு ஸ்டார்ட்டருக்கும் சைலன்ஸர் குழாய்க்கும் இடம் இருக்காது.

இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் கீழுள்ள கிராஸ் மெம்பருக்கும் இடையே 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் 25. சைலன்ஸர் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் 50-க்குக் குறையக் கூடாது. வலப்பக்கம் ஸ்டீயரிங் தண்டு. சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஒரு பக்கம் புரளும் என்பதால் கையால் அசைத்தும் பாருங்கள்.

பானெட் மூடுமா என்று பார்ப்பதற்கு நம் ஊரில் செலவே இல்லை. வாய்க்கால் கரையிலிருந்து ஈரக் களிமண் ஓர் உருண்டை எடுத்து வாருங்கள். ஏர் ஃபில்டரின் உச்சியில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து, களிமண்ணைக் கூம்பாக வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி நின்ற களிமண்ணின் உயரம்தான் உங்களுக்கு உள்ள இடைவெளி. 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் இன்ஜினை இறக்குங்கள், அல்லது ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.

ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள பழைய வண்டியாக இருந்தால், ஐந்து கியர் பெட்டிக்குத் தரையில் கியர் லீவர் வர வேண்டும். லீவர் வரும் இடத்தை இந்த நிலையில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதே வெட்ட வேண்டாம்.

எல்லாம் ஒத்துவந்ததும் இன்ஜினை மரக்கட்டையாலும் ஜாக்கியாலும் அசையாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் காலையில் கோணத்தை மீண்டும் பாருங்கள். மாறியிருந்தால் முட்டு சரியில்லை.

6. இப்போதுதான் மவுண்ட்

முன்னால் இரண்டு, கியர் பெட்டிக்கு அடியில் ஒன்று, ஆக மூன்று புள்ளிகள். பின் மவுண்டை முதலில் பொருத்துங்கள். கியர் பெட்டி நிலைத்துவிட்டால் முன் இரண்டும் தானாக இடம் காட்டும்.

பிரேக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டுங்கள். அட்டை பொருந்திய பிறகு 6 மில்லிமீட்டர் எம்.எஸ். பிளேட்டில் (சாதாரண மென்னெஃகுத் தகடு) வெட்டக் கொடுங்கள். மூலைகளுக்கு முக்கோணத் தாங்கல் வைக்க 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். துல்லியமாக வேண்டுமென்றால் திருச்சிக்குப் போங்கள். துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல் நிறுவனத்துக்கு வேலைசெய்து பழகிய ஃபேப்ரிகேஷன் கூடங்கள் உண்டு. அளவு கொடுத்தால் அப்படியே வரும்.

பிரேக்கெட்டை மெல்லிய பெட்டிச் சட்டத்தில் நேரடியாக ஒட்டக் கூடாது. உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு தகட்டை முதலில் சட்டத்தின்மேல் வைத்துப் பற்றவைத்து, பாரத்தைப் பரப்பி, அதன்மேல் பிரேக்கெட் வர வேண்டும். போல்ட் போடுவதாக இருந்தால் சட்டத்துக்குள் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி அதன் வழியே போல்டைக் கொண்டுபோங்கள். குழாய் இல்லாமல் இறுக்கினால் பெட்டி நசுங்கும், சில மாதங்களில் போல்ட் தளரும். போல்ட் 8.8 தரம், எம்10 அல்லது எம்12, நைலான் பூட்டுள்ள நட். தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

ரப்பர் இல்லாமல் இரும்போடு இரும்பாக மாட்டிவிடலாம் என்ற யோசனையை ஒதுக்குங்கள். உடலே சட்டமாக உள்ள வண்டியில் அதிர்வு நேராகத் தகட்டில் இறங்கி வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விடும். ரப்பர் அழுந்தும் நிலையிலும் பக்கவாட்டுத் தாங்கலிலும் வேலைசெய்யட்டும்; இழுபடும் நிலையில் தொங்கக் கூடாது. ரப்பர் கிழிந்தாலும் இன்ஜின் எகிறிவிடாதபடி இரும்பு நாக்கு பூட்டிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சைலன்ஸர் பக்கத்து ரப்பருக்கு ஒரு தகட்டு மறைப்பு அவசியம். சூடும் ஆயிலும் ரப்பருக்கு எமன்.

பிரேக்கெட் இன்ஜின் எண்ணை மறைக்கக் கூடாது. சேஸிஸ் எண் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங் பொறியோ போகக் கூடாது. ஆய்வாளர் வந்து பார்க்கும்போது இந்த இரண்டும் கண்ணில் பட்டாக வேண்டும்.

7. டேக் (அங்கங்கே சிறு பற்றவைப்பு), இன்ஜினை எடு, பிறகு முழு வெல்டிங்

பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கையும் குழாயையும் வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே ஓடி அதைக் கெடுக்கும். ஈரச்சாக்கும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எங்கள் வெல்டர் வயதில் மூத்தவர். “டேக் வைத்ததும் இன்ஜினை வெளியே எடுத்துவிடுங்கள் தம்பி, அதை மேலே வைத்துக்கொண்டு முழு வெல்டிங் வேண்டாம்” என்றார். அவர் சொன்னதில் இரண்டு நன்மைகள் உண்டு. ரப்பரும் வயரும் கருகாது. இன்ஜினை எடுத்துவிட்டால் அடிப்பக்கத்துக்கும் வெல்டிங் ராடு எட்டும். ஒரே பக்கம் நீளமாக இழுக்காமல், இடம் வலம் மாற்றிச் சிறுசிறு துண்டாக வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளாது. ஆறிய பிறகு கசடைத் தட்டி, வெல்டிங்கை வெளிச்சத்தில் பார்த்து, பிரைமரும் பெயின்டும் அன்றைக்கே அடித்துவிடுங்கள்.

இன்ஜினை மீண்டும் வண்டிக்குள் இறக்கும்போது எல்லாப் போல்டையும் விரலால் மட்டும் மாட்டுங்கள். முழு பாரமும் ரப்பரில் இறங்கிய பிறகு, வண்டியை ஆட்டிவிட்டு, பின்புறத்திலிருந்து முன்புறமாக இறுக்குங்கள். கடப்பாரையால் நெம்பித்தான் போல்ட் துளைக்குள் போகிறது என்றால், ரப்பர் ஏற்கெனவே முறுகிவிட்டது. துளையைத்தான் திருத்த வேண்டும்.

8. மறந்துபோகும் இணைப்புகள்

ரப்பரில் உட்கார்ந்த இன்ஜினுக்கும் உடலுக்கும் மின்தொடர்பு இருக்காது. தடித்த எர்த் பட்டை ஒன்றை இன்ஜினிலிருந்து உடலுக்குக் கட்டாயம் போடுங்கள். அது இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே போய் அதை எரித்துவிடும்.

புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறினால் லேத் பட்டறையில் வெட்டி ஒட்டியதோடு விடாமல் பேலன்சிங்கும் செய்ய வேண்டும். பெட்ரோல் குழாய், சைலன்ஸர் இரண்டிலும் இன்ஜின் புரள்வதற்கு ஏற்ற வளைவோ ரப்பர்த் துண்டோ இருக்கட்டும். வேகம் கூடும் என்பதால் பிரேக்கை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்.

9. செலவு

இன்ஜின், கியர் பெட்டியின் விலை நிலையையும் உங்கள் பேரத்தையும் பொறுத்தது. மவுண்ட் வேலைக்கு மட்டும் எனக்கு ஆனது ஏறத்தாழ இப்படி: பிளேட்டும் வெட்டுக்கூலியும் 3,000, ரப்பர் மூன்றும் 2,500, வெல்டிங் கூலி 8,000, ஷாஃப்ட் வெட்டி பேலன்சிங் 6,000, போல்ட், பெயின்ட், எர்த் பட்டை 1,500. முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். நாள் கூலியாகப் பேசாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அதில் இடம் பார்க்கும் வேலையும் அடக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டேக் வைக்க அவசரப்படுவார்கள்.

10. ஓட்டிப் பார்த்தலும் 14 நாட்களும்

இன்ஜின் வண்டியில் ஏறிய நாளிலிருந்து 14 நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். எனவே அலுவலக விண்ணப்பத்தை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். இணையத்தில் பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் கட்டணம் கட்டி, நேரம் பதிவுசெய்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். பென்சில் பிரிண்ட், ரசீதுகள், முத்திரையிட்ட மனுவின் பிரதி எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அதற்கு முன் புதிய புகைச் சான்று வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அளவு கூடினால் கார்புரேட்டரைச் சரிசெய்யாமல் போக வேண்டாம்.

பதிவுச் சான்றில் புது இன்ஜின் எண்ணும் 1817 என்ற சிசியும் ஏறிவிட்டனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். எண் ஒன்று மாறினாலும் திருத்துவதற்குத் தனி விண்ணப்பம். பிறகு அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து பாலிசியில் மாற்றச் சொல்லுங்கள். பழைய எண்ணோடு பாலிசி இருந்தால் விபத்தின்போது கோரிக்கையை மறுக்க அது ஒன்றே போதும்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் மூன்று மவுண்ட்களின் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பெயின்டில் ஒவ்வொரு நட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்தால், அடுத்தமுறை வண்டிக்கு அடியில் டார்ச் அடித்ததுமே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.